தார் சுற்றினால் மனசு தேறுமா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, சைக்காலஜி மாணவியும் இல்லை. பி.காம். மூன்றாம் ஆண்டு. கணக்குப் பதிவியலைத் தவிர வேறு எதைப் பற்றியும் அதிகாரமாகப் பேச எனக்கு உரிமை கிடையாது (அதிலேயே ஒரு அரியர் வைத்துத்தான் தேறினேன்). இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பதிவு கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன செமஸ்டரில் மனிதவள மேலாண்மைப் பேப்பரில் கவுன்சலிங் என்று ஒரு சின்னப் பாடம். அதில் மூன்று வகையாம். ஆலோசகரே வழி சொல்லிவிடுவது ஒன்று, வந்தவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது இன்னொன்று, இரண்டையும் கலந்து செய்வது மூன்றாவது. ஐந்து மார்க் கேள்விக்கு இது போதும். எல்லோரும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்தோம். எனக்கு மட்டும் அந்த மூன்று வகைகளும் மண்டையிலேயே நின்றுவிட்டன. காரணம் எங்கள் பெரியப்பா.

பெரியப்பா நெசவாளி. பிள்ளையார்பாளையத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர். கோர்வைச் சேலையில் கை தேர்ந்தவர் என்று தெருவில் பெயர். 2020-ல் ஊரடங்கு வந்தது. கல்யாணங்கள் நின்றன, சேலை ஆர்டர்கள் நின்றன, தறியில் பாதி நெய்த பாவு அப்படியே கிடந்தது. சில மாதம் கழித்து ஆர்டர் திரும்பி வந்தபோது பெரியப்பா திரும்பி வரவில்லை. காலையில் எழுந்து திண்ணையில் உட்காருவார், இருட்டும்வரை அங்கேயே இருப்பார். சவரம் இல்லை, சரியான சாப்பாடு இல்லை. "கால் குழிக்குள்ள எறங்க மாட்டேங்குதும்மா" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்.

அப்புறம் கவுன்சலிங் ஆரம்பித்தது. சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுத் தாத்தா எல்லோரும் முதல் வகை ஆலோசகர்கள் :-). "மனச தெடமா வெச்சிக்கணும்." "ஆம்பள இப்படி ஒக்காந்தா எப்படி?" "யாரோ கண்ணு வெச்சிட்டாங்க." சோளிங்கர் மலைக்குப் போய்த் தக்கான் குளத்தில் முழுகிவிட்டும் வந்தார்கள். கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பார்த்தார்கள், மாத்திரை கிடைத்தது. அதே வாரமோ அடுத்த வாரமோ, பெரியம்மா ராட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் அவர் பக்கத்தில் வைத்தார். "தறிக்கு வர வேணாம். நாலு தார் சுத்திக் குடுங்க, அது போதும்."

(நெசவு தெரியாதவர்களுக்கு: தார் என்றால் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குச்சியில் ஊடை நூலைச் சுற்றியது. எங்கள் வீடுகளில் வயதானவர்களும் பெண்களும் செய்கிற வேலை. நாற்பது வருஷம் நெய்தவருக்கு அதைக் கொடுப்பது கிட்டத்தட்ட அவமானம்.)

அவர் சுற்றினார். முதல் நாள் இரண்டு. நாலு மாதத்தில் தறிக்குள் இறங்கினார்.

மாத்திரையா, தாரா என்று வீட்டில் இன்றுவரை பட்டிமன்றம். அதற்குத் தீர்ப்பு தேடப் போய்த்தான் நான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன்.

*

நம்மில் பெரும்பாலோர் நினைப்பது இப்படி: முதலில் மனசு சரியாக வேண்டும், அப்புறம்தான் மனுஷன் எழுந்து வேலை பார்ப்பான். நடத்தை சிகிச்சைக்காரர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்தார்கள். முதலில் உடம்பு ஏதாவது செய்யட்டும், மனசு பின்னாலேயே வரும் என்றார்கள்.

1924-ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளரிடம் பீட்டர் என்று ஒரு பையன் இருந்தான். மூன்று வயதுகூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். ஜோன்ஸ் அவனுக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, முயலைத் தூரத்தில் கூண்டில் வைத்தார். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளையும் அவனோடு விளையாடவிட்டார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். நம் வீட்டுப் பாட்டிகள் நாய்க்குப் பயப்படுகிற குழந்தைக்குச் செய்வதுதான். ஆனால் ஒவ்வொரு படியையும் எழுதிவைத்ததால் அது அறிவியலாகிவிட்டது. பிறகு தென்னாப்பிரிக்காவின் ஜோசஃப் வோல்பே, போரில் மனம் உடைந்து வந்த சிப்பாய்களுக்கு மருத்துவம் பார்த்தவர், இதே படிப்படி முறையை வளர்த்து 1958-ல் புத்தகமாகப் போட்டார்.

பயத்துக்கு அது. பெரியப்பாவுக்கு வந்தது மாதிரியான சோர்வுக்கு? 1973-ல் சார்லஸ் ஃபெர்ஸ்டர் என்பவர் எழுதியது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவர் சொன்னதன் சாரம்: சோர்ந்தவன் செய்வதெல்லாம் குறைந்துபோகிறது. செய்வது குறைந்ததால் அவனுக்குக் கிடைத்த சின்னச் சின்னச் சந்தோஷங்களும் நின்றுபோகின்றன. அவை நின்றதால் இன்னும் சோர்கிறான். சுற்றிச் சுற்றி ஒரே வட்டம். எங்கள் பாஷையில் சொன்னால், விற்பனை இல்லாததால் உற்பத்தியைக் குறைத்து, உற்பத்தி இல்லாததால் கடைக்கு வருகிற நாலு பேரும் நின்றுபோகிற கடை.

1996-ல் நீல் ஜேக்கப்சன் என்பவரின் குழு ஒரு காரியம் செய்தது. அப்போது பிரபலமாக இருந்த சிகிச்சையைப் பாகம் பாகமாகக் கழற்றி, எந்தப் பாகம் வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். எண்ணங்களை ஆராய்ந்து திருத்துகிற பாகம் ஒருபக்கம், அன்றாடச் செயல்களைத் திரும்பத் தொடங்கவைக்கிற பாகம் இன்னொரு பக்கம். 150 பேரிடம் பார்த்ததில், செயல் பாகம் மட்டுமே முழு சிகிச்சைக்கு ஈடாக நின்றது. மெக்கானிக் கடையில் வண்டியைக் கழற்றிப் பார்த்து "இந்தப் பார்ட் இல்லாமலே ஓடுதே" என்று சொன்ன கதை.

*

சரி, நம்ம ஊர் பக்கம் வருவோம்.

சென்னையின் முதல் மனநோய் விடுதி 1794-ல் வந்தது. நடத்தியவர் வாலண்டைன் கொனொலி என்ற சர்ஜன். கட்டடம் அவருடையது, வாடகை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. அப்புறம் அது கைமாறி டால்டன் என்ற டாக்டரிடம் போனது, ஊரே அதை டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று அழைத்தது. காமர்ஸ் கண்ணில் பார்த்தால் அது ஒரு நிரந்தர வாடிக்கையாளரை வைத்த நல்ல வியாபாரம். உள்ளே இருந்தவர்கள் குணமாகி வெளியே போனால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். 1871-ல் அரசு விடுதி கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. நாம் சினிமாவில் கேலி செய்கிற அதே கீழ்ப்பாக்கம்.

அங்கே 1961-ல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுபவர், 1992-ல் பத்மபூஷண் வாங்கியவர், 2021 டிசம்பரில் தொண்ணூற்றெட்டு வயதில் காலமானார். 1978 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில் 1970-ல் அங்கே தொழில் வழிச் சிகிச்சை மையம் தொடங்கியது. நோயாளிகள் ஒரு வேலையைக் கற்று, பொருள் செய்து, நேரத்துக்கு எழுந்து, நேரத்துக்கு முடித்து வாழப் பழகும் இடம். மருந்து சத்தங்களை அடக்கிவிட்ட பிறகும் ஒரு மனுஷனுக்குக் காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை நிரப்ப ஏதாவது வேண்டுமல்லவா?

அதே 1961-ல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் அன்னா என்ற ஊரில் (நம்ம ஊர் அண்ணா இல்லீங்க, ஊர் பேரே அதுதான்) ஓர் அரசு மனநோய் மருத்துவமனையில் அய்லான், அஸ்ரின் என்று இரண்டு பேர் வேறொன்றைத் தொடங்கினார்கள். நோயாளி தலை வாரிக்கொண்டால், படுக்கையை மடித்தால், ஒரு வேலை செய்தால் டோக்கன். டோக்கனைச் சேர்த்தால் விருப்பமான அறை, வெளியே உலாவ அனுமதி, கடையில் தின்பண்டம். வார்டுக்குள் ஒரு குட்டி ரிசர்வ் வங்கி! வருஷக்கணக்காக மூலையில் கிடந்தவர்கள் எழுந்து வேலை செய்தார்கள். டோக்கனை நிறுத்தியபோது வேலையும் நின்றது. பொருளாதாரம் படிக்கிற எனக்கு இதைவிடச் சுவாரசியமான அத்தியாயம் கிடைக்காது என்று தோன்றியது.

ஆனால் கொஞ்ச நேரம் கழித்து உறுத்தியது. தலையணையும் உலாவலும் எப்போதிலிருந்து கூலியாக மாறின? அது உரிமை இல்லையா? அமெரிக்காவிலேயே இந்தக் கேள்வி எழுந்தது. அலபாமா மாநிலத்தின் வயட் வழக்கில் 1972-ல் நீதிமன்றம் வகுத்த விதிகளில் இரண்டு இங்கே முக்கியம்: அடிப்படை வசதிகள் நோயாளியின் உரிமை, மருத்துவமனையை நடத்துவதற்கான வேலையை அவரிடம் வாங்கினால் சட்டப்படி கூலி கொடுக்க வேண்டும்.

காஞ்சிபுரத்துக்காரிக்கு இது வெறும் சட்டப் பாயிண்ட் இல்லை. "வேலை செஞ்சா சரியாப் போயிடும்" என்ற வாக்கியத்துக்கு எங்கள் ஊரில் ஒரு கறை உண்டு. கோர்வைத் தறியில் நெசவாளியோடு கூட உட்கார இன்னொரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் உட்கார்ந்தது பல வருஷங்கள் குழந்தைகள்தான். அப்பா வாங்கிய அட்வான்ஸுக்குப் பிள்ளை தறியில் உட்கார்ந்து கழித்தான். 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை போட்டபோது காஞ்சிபுரமும் அதில் இருந்தது. எங்கள் தெருவில் இன்று ஐம்பது வயதில் இருப்பவர்களில் பாதிப் பேர் எட்டாவது தாண்டாததற்கு இதுதான் காரணம். ஆகவே வேலை மருந்து என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது: யாருக்காக வேலை, எவ்வளவு நேரம், வேண்டாம் என்று சொல்லி எழுந்து போக முடியுமா? பெரியம்மாவின் நாலு தாருக்கு யாரும் கணக்கு நோட்டு போடவில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

*

சோளிங்கர் போய்வந்ததைப் பற்றிக் கொஞ்சம் நக்கலாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிராயச்சித்தமாக ஒரு விஷயம்.

2000-ஆம் ஆண்டில் ரகுராம் என்பவர் தலைமையில் ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்து முத்துசாமி கோயிலில் மூன்று மாதம் கவனித்தார்கள். மனநோய் உள்ளவர்களைக் குடும்பத்தோடு அங்கே கொண்டுவந்து தங்கவைப்பது வழக்கம். காசு கிடையாது. பேய் ஓட்டல், அடி உதை கிடையாது. காலையில் எளிய பூஜை. மற்ற நேரம் கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரிச் சின்ன வேலைகள். அந்தக் காலத்தில் அங்கே வந்து தங்கிய 31 பேரை வந்தபோதும் போனபோதும் அளந்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20% குறைந்திருந்தது. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வந்தது.

உடனே "பார்த்தாயா, கோயிலே போதும்" என்று ஃபார்வர்டு செய்யக் கிளம்ப வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. நோய் தானாகவே கொஞ்சம் இறங்குகிற காலமும் உண்டு. ஆனால் அந்தக் கோயிலில் நடந்ததைப் பட்டியல் போட்டால் என்ன வருகிறது? கூடவே குடும்பத்து ஆள். நாளுக்கு ஓர் ஒழுங்கு. கைக்கு எளிய வேலை. திட்டு இல்லை. கீழ்ப்பாக்கத்தில் டாக்டர்கள் வேறு வழியாக வந்து சேர்ந்த இடமும் கிட்டத்தட்ட இதுதான். குடும்பத்தைக் கூடவே தங்கவைப்பதும் டாக்டர்கள் செய்து பார்த்ததுதான். அமிர்தசரசில் டாக்டர் வித்யாசாகர் 1950-களில் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினர்களை இருக்கச் செய்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் அதே வழியில் போனது.

இதன் எதிர்ப்பக்கமும் தமிழ்நாட்டில்தான் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. நம்பி வந்தவர்களைக் காசு வாங்கிக்கொண்டு வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அங்கிருந்த அந்த மாதிரிக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்றே எழுதிவைத்திருக்கிறது. எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதே வெட்கம்.

*

இப்போது நம்ம மாவட்டம். இந்தப் பகுதிதான் எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

சாரதா மேனன் ஓய்வு பெற்ற பிறகு 1984-ல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அது கோவா, மகாராஷ்டிராவின் சதாரா ஆகிய இடங்களில் இருந்த அமைப்புகளோடு சேர்ந்து ஒரு பெரிய சோதனை நடத்தியது. மூன்று இடங்களில் தமிழ்நாட்டு இடம் காஞ்சிபுரம் மாவட்டக் கிராமப்புறம். (அப்போதைய பெரிய மாவட்டம். 2019-ல் செங்கல்பட்டு தனியாகப் பிரிந்தது.)

கேள்வி எளிது. மனச்சிதைவு நோய் உள்ளவருக்கு ஆஸ்பத்திரி சிகிச்சை மட்டும் கொடுத்தால் ஒரு வருஷத்தில் என்ன ஆகும்? அதோடு உள்ளூர் ஆள் ஒருவர் வீடு தேடிப் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அந்த உள்ளூர் ஆட்கள் டாக்டரோ சைக்காலஜிஸ்டோ கிடையாது. பள்ளிப் படிப்பு முடித்த சாதாரண ஆட்கள், சில வாரப் பயிற்சி. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, குடும்பத்துக்கு நோயைப் புரியவைத்து, மாத்திரை விட்டுப்போகாமல் பார்த்து, குளிப்பது, கடைக்குப் போவது, வேலைக்குத் திரும்புவது என்று அடுத்த ஒரு படியைச் சேர்ந்து தீர்மானிப்பது அவர்கள் வேலை.

மொத்தம் 282 பேர். குலுக்கல் முறையில் 187 பேருக்கு வீட்டு வருகையோடு சிகிச்சை, 95 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். முடிவு 2014-ல் லான்செட் இதழில் வந்தது. ஆடிட்டர் மாதிரி நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் மொத்தக் கணக்கில் பெரிய வெற்றி இல்லை. நோய்க்குறி 20%-க்கு மேல் குறைந்தவர்கள் இரண்டு பக்கமும் 51%தான்! அன்றாடச் செயல்பாட்டில்தான் வீட்டு வருகைப் பக்கம் கொஞ்சம் முன்னால் நின்றது.

ஆனால் இடவாரியாகப் பிரித்தபோது தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் மட்டும் வித்தியாசம் தெளிவாக நின்றது. நோய்க்குறி மதிப்பெண் மற்றக் குழுவைவிடச் சுமார் 9 புள்ளி குறைவு, தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவு. ஏன் இங்கே மட்டும்? என் ஊகம், ஊகம் மட்டுமே: டாக்டர் பக்கத்திலேயே இருக்கிற இடத்தில் வீட்டுக்கு வருகிற ஆள் ஒரு கூடுதல் வசதி. பஸ் பிடித்துப் போய்க் கூலியை இழக்க வேண்டிய கிராமத்தில் அவர்தான் எல்லாமே.

அதே சமயத்தில் அந்த 282 பேரிடமும் அவமானத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பிறர் தன்னை மோசமாக நடத்தியதாகச் சொன்னவர்கள் 42%. தான் மற்றவர்களிடமிருந்து விலகிப்போய்விட்டதாக உள்ளுக்குள் உணர்ந்தவர்கள் 79%. ஊர் தள்ளிவைப்பதற்கு முன்னாலேயே மனுஷன் தன்னைத் தள்ளிவைத்துக்கொள்கிறான். திண்ணை என்பது வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிற இடம். பெரியப்பா ஏன் அங்கேயே உட்கார்ந்தார் என்று எனக்கு இதைப் படித்தபோதுதான் லேசாகப் புரிந்தது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவருக்கு வந்தது மனச்சிதைவு இல்லை, மனச்சோர்வு. அதற்கான சோதனை கோவாவில் நடந்தது. சங்காத் என்ற அமைப்பு, விக்ரம் படேலின் குழு. 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள், கடுமையான சோர்வுள்ள 495 பேர். மேலே சொன்ன ஃபெர்ஸ்டர், ஜேக்கப்சன் வழியில் வந்த செயல் சிகிச்சையைப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு சந்திப்புகளில் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் சோர்விலிருந்து மீண்டவர்கள் 64%. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39%. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் 63-க்கு 48 என்று வித்தியாசம் நின்றது.

இந்த எண்களை வீட்டில் படித்துக் காட்டினேன். பெரியம்மா கேட்டது: "இதுக்கு எதுக்குக் கோவா வரைக்கும் போனாங்க?"

*

கடைசியாக மில்வாக்கி. இது கொஞ்சம் விளையாட்டான பகுதி.

அந்த அமெரிக்க நகரில் 1978-ல் ஸ்டீவ் டி ஷேசர், அவர் மனைவி இன்சூ கிம் பெர்க் (கொரியாவில் பிறந்தவர்) இருவரும் ஒரு குடும்ப ஆலோசனை மையம் தொடங்கினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பல மணி நேரப் பேச்சுகளைக் கவனித்து, பிரச்சினையைத் தோண்டுவதால் பெரிய பயன் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஏன் விழுந்தாய் என்று கேட்காதே, விழாமல் இருந்த நாளில் என்ன செய்தாய் என்று கேள். தீர்வு நோக்கிய சிகிச்சை என்று அதற்குப் பெயர். அவர்களிடம் இரண்டு புகழ்பெற்ற கேள்விகள் உண்டு. ஒன்று அதிசயக் கேள்வி: ராத்திரி நீ தூங்கும்போது பிரச்சினை மாயமாகத் தீர்ந்துவிட்டது, காலையில் எதைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்வாய்? இன்னொன்று மார்க் கேள்வி: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இன்று நீ எங்கே இருக்கிறாய்?

இது நம் ஊரில் செல்லுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. 1973-ல் ஜே.எஸ். நெகி என்ற மனநல மருத்துவர், இந்தியாவில் ஆலோசனைக்கு வருகிறவர் குருவைத் தேடி வருகிற சீடனைப் போல வருகிறார், வழி சொல்லாத ஆலோசகரை அவர் ஏற்க மாட்டார் என்ற அர்த்தத்தில் எழுதினார். எங்கள் திண்ணை ஆலோசகர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. "நீயே சொல்லு" என்றால் "அதுக்கு உங்கிட்ட எதுக்கு வந்தேன்" என்று எழுந்து போய்விடுவார்கள்.

இருந்தாலும் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தேன். பெரியப்பாவுக்கு இன்னும் மோசமான வாரங்கள் வரும். மாத்திரையும் தொடர்கிறது. அது அந்த மாதிரி ஒரு வாரத்தின் கடைசி. அவர் தறியை விட்டு மேலே வந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். அதிசயக் கேள்வியைக் கேட்டேன். ராத்திரியோட ராத்திரியா எல்லாம் சரியாயிடுச்சு, காலைல எப்படித் தெரியும்?

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அட்வான்ஸ் நோட்டுல என் பக்கத்த கிழிச்சிருப்பாங்க."

மில்வாக்கிக்காரர்களிடம் இதற்கு என்ன பதில் இருக்கும்? தலைக்குள் இருக்கிற பிரச்சினைக்குக் கேள்வி போதும். தலைக்கு வெளியே, இன்னொருவர் நோட்டில் இருக்கிற பிரச்சினைக்கு? கோவா, காஞ்சிபுரம் இரண்டு இடத்து எண்களிலும் குணமாகாதவர்கள் கணக்கு இதில்தான் எங்கோ இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது.

அப்புறம் மார்க் கேள்வியையும் கேட்டுவைத்தேன். பத்துக்கு எத்தனை?

"நாலு."

புத்தகப்படி அடுத்த கேள்வி, ஏன் மூன்று இல்லை என்பது. கேட்டேன்.

"மூணுன்னா உங்கூட பேசிக்கினு இருப்பேனா?" என்றார். ராட்டையை நிறுத்தவில்லை. பக்கத்தில் முறத்தில் ஒன்பது தார் இருந்தது. பத்தாவது பாதியில் நூல் அறுந்தது, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு முடிச்சுப் போட்டார். "அஞ்சாவணும்னா என்ன ஆவணும் பெரியப்பா?" என்றதற்கு, பெரியம்மாவை டீ போடச் சொன்னார்.

(உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இந்த மாதிரி இருந்தால் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ், 2022-ல் மத்திய அரசு தொடங்கியது. காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.)